தீட்டும் தொற்றும்

(வத்திராயிருப்பில் நம் சங்க மண்டபத்தில் நிகழ்ந்த மாதக் கூட்டத்திற் பேசியது)



குழந்தைகள் பயிலும் இடத்திற் சுகாதாரம் என்னும் பொருள்பற்றி இன்று பேசுமாறு நம் செயலாளர் அவர்கள் பணித்தபோது யாம் சிறிது தயங்கினோம். எமது தொழில் இலக்கணமும் இலக்கியமும் கற்பித்தல். மருத்துவநூல் யாம் முறையாகக் கற்றதன்று. ஆயினும், நம் சங்கத்துப் பாலர் வகுப்பை மேற்பார்க்கும் பொறுப்பைச் சில ஆண்டுகளாக எம்மிடம் ஒப்புவித்திருக்கிறீர்கள். அப்பொறுப்பில் யாம் செய்த பிழைகள் சில உள. அவற்றைப் பிறர் சொல்லக் கேட்பதினும் யாமே சொல்லிவிடுதல் நன்றாதலின் ஒருப்பட்டோம்.

சொல்லிலிருந்து தொடங்குதல் தமிழாசிரியர்க்கு இயல்பு, பொறுத்தருள்க. 2019-ஆம் ஆண்டின் இறுதியிற் சீன நாட்டு ஊகான் நகரில் தோன்றி, 2020 மார்ச்சு 11-ஆம் நாள் உலக சுகாதார நிறுவனத்தாற் பெருந்தொற்று என அறிவிக்கப்பட்ட நோயை நாம் அனைவரும் அறிவோம். அக்காலத்தே நம் செவியில் நாள்தோறும் விழுந்த தொடர் ‘சமூக இடைவெளி’ என்பது. அச்சொல்லாட்சி எமக்கு அன்றும் உடன்பாடன்று, இன்றும் அன்று. சமூகத்துக்கும் சமூகத்துக்கும் இடையே இடைவெளி இந்நாட்டிற் போதிய அளவு முன்னரே இருந்தது. வேண்டியது உடலுக்கும் உடலுக்கும் இடையே ஆறடி வெளியே. உலக சுகாதார நிறுவனத்தாரும் அம்மாதத்திலேயே, சமூக விலகல் என்னாது உடல் விலகல் எனச் சொல்லுதலே தக்கது என்று தெரிவித்தனர். அத்திருத்தம் நம் ஊர்ச் சுவரொட்டிகளை எட்டவேயில்லை. சொல் பிழைத்தமையாற் பொருளும் பிழைத்த கதையைப் பின்னர்ச் சொல்லுவோம்.

அவ்வாண்டு மார்ச்சு மாதம் பள்ளிகளும் அங்கன்வாடிகளும் மூடப்பட்டன. தமிழ்நாட்டில் 54,000-க்கு மேற்பட்ட அங்கன்வாடிகள் உள. அவற்றில் உண்டுவந்த குழந்தைகளுக்குச் சமைத்த உணவு நின்றது. அரிசியும் பருப்பும் முட்டையும் சத்துமாவும் வீட்டுக்கு வழங்கப்பட்டன. வழங்கிய பெண்டிரே வீடுவீடாகக் காய்ச்சற் கணக்கும் எடுத்தனர். வீட்டுக்குப் போன முட்டை அக்குழந்தையின் வாய்க்கே போயிற்றா என்பதை வேலையற்றிருந்த வீட்டின் நிலையறிந்தோர் உய்த்துணரலாம். மழலையர் வகுப்புக்கள் முற்றத் திறந்தது 2022 பிப்ரவரி 16-ஆம் நாளிலேதான். 2020-இல் மூன்று வயதாயிருந்த குழந்தை, ஒருநாளும் பாயில் அமர்ந்து பாடாமலே முதல் வகுப்பின் வாயிலுக்கு வந்து நின்றது.

இங்கே ஒன்று சொல்லவேண்டும். அங்கன்வாடி என்னும் பெயர் வடபுலத்திலிருந்து வந்தது. அங்கணம் என்பது ஆண்டு முற்றத்தைக் குறிக்கும். 1975 அக்டோபர் 2-ஆம் நாள் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கியபின் அப்பெயர் நம்மூரிலும் வழங்கலாயிற்று. தமிழிலோ அங்கணம் என்பதற்குப் பிறிதொரு நிறமுண்டு. திருவள்ளுவர் அவையறிதல் அதிகாரத்தில் அச்சொல்லைத் தூய்மையற்ற முற்றம் என்னும் பொருள்பட ஆள்கின்றார்; ஆண்டுச் சிந்திய அமிழ்தம் பயனின்றிப் போதலை உவமையாக்குகின்றார். யாம் வகுப்பில் அக்குறளைப் பலமுறை நடத்தியிருக்கின்றோம். அங்கன்வாடிக்கு அது இத்துணைப் பொருந்தும் என்பது எமக்குப் பிந்தியே விளங்கிற்று. என்னை? அடுத்தடுத்து வயிற்றுப்போக்கு உறும் குழந்தை உண்ட உணவு உடலிற் சேர்வதில்லை, குடற்சுவரே நைந்துபோகின்றது. மெலிந்த உடலை நோய் எளிதிற் பற்றும். பற்றிய நோய் மேலும் மெலிவிக்கும். 2019-21-இல் எடுத்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 100-க்கு 25 பேர் வயதுக்கேற்ற உயரமின்றி உள்ளனர். அரசு தரும் முட்டையும் நாம் தரும் பாலும் தூய்மையற்ற முற்றத்தில் ஊற்றிய அமிழ்தமாதல் தகுமோ?

நிற்க. நம் பாலர் வகுப்பைத் திறந்த கதைக்கு வருவோம். 2022-இல் திறக்குமுன் யாம் மிக்க ஊக்கத்துடன் ஆயத்தஞ் செய்தோம். நெற்றியில் வெப்பம் பார்க்குங் கருவி ஒன்று, கைக்குத் தடவும் சாராயக் கரைசல் பன்னிரண்டு குப்பி, பிளீச்சிங் பவுடர் ஒரு மூட்டை, 26 குழந்தைகளுக்கும் முகக்கவசம் ஆகிய அனைத்தும் வாங்கினோம். சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் அன்பர் ஒருவர் கவசத்துக்கு வேண்டிய துணியை விலையின்றியே தந்தார். மண்டபத்துத் தூண்களையும் நாற்காலிகளையும் காலை மாலை துடைப்பித்தோம். எல்லாம் செவ்வனே நடப்பதாக எண்ணி இறுமாந்திருந்தோம்.

மூன்றாம் வாரம் 26 குழந்தைகளுள் ஒன்பதின்மருக்கு வயிற்றுப்போக்கு. கொரோனா ஒருவருக்கும் இல்லை. உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுத்து எல்லாரும் நலமடைந்தனர்; ஆயினும் ஒரு குழந்தைக்கு மருத்துவமனையில் ஓர் இரவு நரம்பிலே நீர் ஏற்ற நேர்ந்தது. அதன் தாயார் இன்று இவ்வவையில் இருக்கின்றார். அவ்விரவு அவர் எம்மிடம் ஒரு கடுஞ்சொல்லும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எமக்கு எளிதாயிருந்திருக்கும். மறுநாள் வந்த கிராம சுகாதாரச் செவிலியர் எம் குப்பிகளையும் கருவியையும் ஏறெடுத்தும் பார்த்திலர். “ஐயா, பிள்ளைகள் தண்ணீர் எப்படிக் குடிக்கிறார்கள்?” என்று மட்டும் கேட்டார். மூலையில் ஒரு பிளாஸ்டிக் பீப்பாய். அதன்மேல் ஒரு குவளை. கழிப்பறையிலிருந்து வரும் குழந்தை அக்குவளையைக் கையோடு நீருள் அமிழ்த்தி மொண்டு குடிக்கும். கழிப்பறையருகே சோப்பு இல்லை. குழாய் இருந்தது, அதன் உயரம் பெரியோர் மார்பளவு. எட்டாத குழாயைச் சுட்டிக்காட்டி, “கை கழுவுங்கள்” என்று நாள்தோறும் பாடஞ் சொல்லியிருக்கின்றோம்!

சோப்பின் தொழிலைச் சிறிது கூறுதும். கொரோனா நுண்ணுயிரைச் சூழ்ந்து கொழுப்பாலாகிய ஓர் உறை உண்டு. சோப்பின் நுண்துகளுக்கு ஒரு தலை நீரை விரும்பும். மறுதலை கொழுப்பை விரும்பும். கொழுப்பை விரும்புந் தலை உறையுட் புகுந்து அதனைப் பிளந்துவிடும். நீர் அச்சிதைவை வாரிக்கொண்டு போகும். இதற்கு 20 விநாடியேனும் தேய்த்தல் வேண்டும். குழந்தைக்கு விநாடிக் கணக்கு ஏது? ஆத்திசூடியில் உயிரெழுத்து வரிசை முடியுமளவும் நிதானமாகச் சொல்லச் செய்தோம். காலமும் சரியாயிற்று, பாடமும் நெட்டுருவாயிற்று. ஔவைப் பிராட்டியார் இப்பயனை நினைத்திரார். இனிக் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு உண்டாக்கும் ரோட்டா முதலிய நுண்ணுயிர்களுக்குக் கொழுப்புறை இல்லை. ஆகலின் சாராயக் கரைசல் அவற்றினிடம் அத்துணை வலியதன்று; தேய்த்துக் கழுவி நீக்குதலே வழி. நாக்கில் வைத்துப் பார்க்கும் வயதினர் கைக்கு எட்ட அக்கரைசலை வைத்தல் கேடுமாகும். பன்னிரண்டு குப்பிக்குக் கொடுத்த பணத்தில் ஈராண்டுக்குச் சோப்பு வாங்கியிருக்கலாம்.

முகக்கவசமும் அவ்வாறே. ஐந்து வயதும் அதற்குட்பட்டும் உள்ள குழந்தைகளை அணியுமாறு கட்டாயப்படுத்தலாகாது என உலக சுகாதார நிறுவனமும் யூனிசெஃபும் 2020 ஆகஸ்டிலேயே கூறின. நம் மத்திய சுகாதார அமைச்சும் 2022 சனவரியில் அதனையே சொல்லிற்று. யாம் அறியாது தைப்பித்த கவசங்கள் ஒரு வாரத்துள் ஒருவர் முகத்திலிருந்து மற்றொருவர் முகத்துக்கு மாறி, மூக்குச் சளிக்கு நல்ல வாகனமாயின. அணிய வேண்டியவர் ஆசிரியையும் ஆயாளும் யாமுமே.

மருந்து தெளிக்கும் ஆரவாரமும் நினைவிருக்கும். 2020 ஏப்ரல் முதல் நாள் திருப்பூர்ச் சந்தை வாயிலில் ஒரு சுரங்கம் அமைத்து, நுழைவோர்மேற் கிருமிநாசினியைத் தூவினர். நாடெங்கும் அதனைப் பின்பற்றினர். அம்மாதம் 18-ஆம் நாளே மத்திய அரசு, மனிதர்மேற் கிருமிநாசினி தெளித்தல் பயனற்றது, கண்ணுக்கும் தோலுக்கும் மூச்சுக்கும் தீங்கு என்று அறிவித்தது. நம் தெருவில் இளைஞர் வேப்பிலையும் மஞ்சளும் கரைத்துத் தெளித்தனர், தீங்கில்லை, மணமுண்டு, நோயைத் தடுத்தது என்று யாம் சொல்லமாட்டோம். பரப்புக்களைத் தொடுதலால் அந்நோய் பரவுதல் அரிது, ஒருவர் மூச்சுக்காற்றிற் கலந்து மற்றொருவரை அடைதலே பெரும்பான்மை என்பது 2021-இல் தெளிவாயிற்று. ஆகவே தூணைத் துடைத்தலினும் சன்னலைத் திறத்தல் மேலானது. நம் மண்டபத்து மேற்குச் சன்னல்கள் நான்கையும் திறந்தால் மலைக்காற்று தாராளமாக வரும். அவற்றின் முன்னர்க் கலியாணப் பாத்திரங்களை அடுக்கி வைத்திருக்கின்றோம். பாத்திரக் குழுவினர் கோபித்தல் வேண்டா; நான்கில் இரண்டையேனும் விடுவித்தருள்க.

இனி, சொல் பிழைத்தமையாற் பொருள் பிழைத்த கதை. 2021-இல் சமைத்த உணவை அங்கன்வாடியில் மறுபடி வழங்கத் தொடங்கியபோது, நம் குலத்துப் பாட்டியார் ஒருவர் தம் பேரனை அனுப்ப மறுத்தார். “காலம் கெட்டுக் கிடக்கிறது, வாத்தியாரய்யா; கண்டவர் கையால் வாங்கித் தின்னலாமா?” என்றார். சமைப்பவர் எவ்வகுப்பினர் என்பது ஊரறிந்தது. பாட்டியார் அஞ்சியது கொரோனாவுக்கன்று. “பெரியவர்கள் தள்ளி நில் என்றது இதற்காகத்தானே? இன்று உலகமே தள்ளி நிற்கிறதே!” என்று நம்முட் கற்றவர் சிலரும் அந்நாளிற் பேசக் கேட்டோம். பெருமையாகவே பேசினர்.

தீட்டும் தொற்றும் ஒன்றோ? ஆராய்ந்து பாருங்கள். பம்பாயில் நம் பங்காளி ஒருவர் இறந்தால் தொலைபேசியிற் செய்தி வந்த நொடியே வத்திராயிருப்பில் இருக்கும் நமக்குத் தீட்டு. தொற்று தொலைபேசியில் வாராது. தீட்டு உறவு பார்த்து நாட்கணக்கு மாறும். தொற்று உறவு பாராது. பெற்ற மகன் மடியிலிருந்து இருமினால் தாய்க்குத் தீட்டில்லை, தொற்று உண்டு. அப்பாட்டியாரே 2020 மே மாதத்தில், கோயம்பேட்டுச் சந்தையிலிருந்து ஊர் திரும்பிய தம் மகனை வாயிலிலேயே கட்டிக்கொண்டு அழுதவர். தாய்மை அது, குறை கூறோம். ஆயினும் யாம் அறிந்த வீடுகளில் அந்நோய் புகுந்தது சமையற்காரி கையாலன்று. கலியாண வீட்டுப் பந்தி வழியும், இழவு வீட்டுத் துக்கம் விசாரித்தல் வழியும், நம்மவர் மூச்சிலேயே புகுந்தது. வெளியிலிருந்து வந்தால் கால் கழுவுதலும், அம்மை கண்ட வீட்டுக்கு அயலார் செல்லாமையும் முன்னோர் வகுத்த நல்ல வழக்கங்களே. அவற்றைக் கொள்வோம். ஒருவன் பிறப்பைத் தொற்றாகக் கருதியதை அவற்றோடு சேர்த்துக் கட்டி விற்றலை ஒப்போம்.

இதிலும் எம் பிழை ஒன்றுண்டு. வயிற்றுப்போக்கு நிகழ்ந்தபின், குழந்தைக்கு ஒரு குவளை வீதம் பெயர் பொறித்து வாங்கினோம். நல்ல ஏற்பாடே. நம் வகுப்பிற் பிற வகுப்பார் பிள்ளைகளும் ஆறேழு பேர் படிக்கின்றனர். அவர்கள் குவளைகளைத் தனித் தட்டில் அடுக்குமாறு இரண்டு பெற்றோர் சொன்னார்கள், ஆயாளும் அடுக்கிவிட்டார். யாம் கண்டும் எட்டு நாள் வாளாவிருந்தோம். சந்தா குறையுமே என்னும் அச்சந்தான். வேறு காரணம் கற்பிக்க விரும்பவில்லை. ஒன்பதாம் நாள், நாலு வயதுச் சிறுமி ஒருத்தி தன் குவளையைக் கையிலேந்தி, “என் குவளைக்குக் காய்ச்சலா?” என்று வினவினாள். அன்றே இரண்டு தட்டையும் ஒன்றாக்கினோம். அவ்விரு பெற்றோருள் ஒருவர் பிள்ளையை நிறுத்திவிட்டார்; மற்றவர் நிறுத்தவில்லை.

இலண்டன் மாநகரத்து டெப்ட்போர்டு என்னும் ஏழையர் சேரியில், மாக்மில்லன் சகோதரிகள் இருவர் 1914-இல் ஒரு திறந்தவெளிக் குழந்தைப்பள்ளி அமைத்தனர். சுவரினும் தோட்டம் பெரிது. எழுத்துக்கு முன் குளியல். 1939-இல் அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களைப் பயிற்றிய மாண்டிசோரி அம்மையாரோ, கை கழுவுதலையே ஒரு பாடமாக்கி, குழந்தையின் உயரத்துக்கு ஏற்ற மேடையும் கலமும் வைத்தார். அவ்வுயரத்தைத்தான் யாம் மறந்திருந்தோம். இப்போது நம் வகுப்பில் மூன்று வயதினர் முழங்கை அளவில் நான்கு குழாய் வைத்தாயிற்று. பீப்பாய்க்கு மூடியும் அடியிற் குழாயும் பொருத்தியாயிற்று. அதன்பின் வயிற்றுப்போக்கு இல்லவேயில்லை என்று பொய் சொல்லோம். ஒருசேர ஒன்பதின்மர் வீழ்ந்த நிலை மீண்டும் வரவில்லை.

இனி யாம் வேண்டுவது ஒன்று. மண்டபத்துக்குத் தென்புறத்து அங்கன்வாடியில் 18 குழந்தைகள் உண்கின்றனர். ஆண்டுக் குழாய் உண்டு. கோடையில் நீர் வாராது. ஆயாள் தெருமுனையிலிருந்து குடத்திற் சுமந்து வருகின்றார். சுமந்த நீர் சமையலுக்கே சரியாகின்றது, கை கழுவ ஏது? நம் மண்டபத்துக் கிணறு எக்கோடையிலும் வற்றியதில்லை. “அங்கே நம் பிள்ளைகள் ஐவர்தாமே, அதற்குச் சங்கப் பணம் எதற்கு?” என்று சென்ற கூட்டத்தில் ஓர் அன்பர் கேட்டார். அந்த ஐவரின் தம்பி தங்கையரும் தமையன்மாரும் நம் பாலர் வகுப்பில் இருக்கின்றனர். மாலையில் எல்லாரும் ஒரே மணலில் விளையாடுகின்றனர். மற்றைப் பதின்மூவர் கையை விடுத்து இவ்வைவர் கையை மட்டும் கழுவும் குழாய் எக்கடையிலும் விற்கவில்லை. அவ்வைவரும் இல்லாதிருந்தாலும் யாம் இதனைக் கேட்டிருப்போம் என்பதையும் மறைக்காது சொல்லிவிடுகின்றோம்.

கிணற்றடியிலிருந்து அங்கன்வாடி வாயில்வரை கயிறு பிடித்து அளந்தோம், 62 அடி. குழாயும் தாழ்ந்த மேடையும் நான்கு திருகும், கழிவுநீர் செல்ல இரண்டு வாழைக்குழியும் போதும். கட்டடம் அரசினுடையதாதலின் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலரின் இசைவு வேண்டும். விண்ணப்பம் எழுதி வைத்திருக்கின்றோம், தலைவர் அவர்கள் கையொப்பமே குறை. இதனை அடுத்த செயற்குழுவில் வைப்பதாகச் செயலாளர் அவர்கள் சொல்லியிருக்கின்றார்கள். தை பிறந்தால் வேறு வேலைக்குப் போய்விடுவதாகக் கொத்தனார் சொல்லுகின்றார். ஆகலின் மார்கழிக்குள் முடிவு தெரிந்தால் நலம்.