பலகை பேசட்டும், விளக்கு வழிகாட்டட்டும்!

அன்புத் தோழனே!

சென்ற வாரம் எருமப்பட்டிக் கடைவீதியிலே பேசினேன். வயலிலே வேலை என்று சொல்லியனுப்பினாய், நீ வரவில்லை. வந்திருந்தால் கைதட்டியிருப்பாயோ, முகம் சுளித்திருப்பாயோ, நானறியேன். ஏனெனில், அன்று நான் மாற்றாரைச் சாடவில்லை. நம்மைப் பற்றியே பேசினேன். பேசியதை உனக்காக எழுத்தாக்கித் தருகிறேன். சினம் பிறந்தால் சினந்துகொள். ஆனால் முழுதும் படித்துவிட்டுச் சினந்துகொள்!

டில்லியின் ஆதிக்கம் பற்றியா, மாநிலத்தின் உரிமை பற்றியா, எதைப் பற்றிப் பேசினாய் என்று கேட்பாய். கடைப் பலகையைப் பற்றிப் பேசினேன். தெருவிளக்கைப் பற்றிப் பேசினேன். இதற்கோ ஒரு மேடை, இதற்கோ ஓர் ஒலிபெருக்கி என்று நகைக்கிறாயா? நகை, ஆனால், நடந்ததைக் கேட்டபின் நகை!

கூட்டத்துக்கு முதல்நாள் இரவே எருமப்பட்டிக்குச் சென்றேன். நாமக்கல்லுக்கும் துறையூருக்கும் இடையே ஓடும் சாலை. தொலைவிலே கொல்லிமலை, கரிய திரை போல. கடைசிப் பேருந்திலிருந்து நான் இறங்க, எனக்குப் பின்னால் ஓர் அம்மையார் இறங்கினார். கையிலே கசங்கிய மருந்துச் சீட்டு. கண்ணிலே கவலை.

"ஏனுங்க தம்பி, மருந்துக் கடை எங்கீங்க இருக்குது? பேரனுக்குக் காச்சலுங்க" என்றார்.

நானும் வெளியூரான், அவரும் வெளியூரார். இருவருமாகத் தேடினோம். எதிரே நின்றது, பதினைந்தடி உயரத்திலே ஒரு பதாகை. கடந்து சென்றோம், காணோம். திரும்பி வந்தோம், காணோம். தேநீர்க் கடைச் சிறுவன்தான் கை நீட்டினான்: "அந்தப் படத்துக்குப் பின்னாலதாங்க!"

ஆம், தோழனே! பதாகைக்குப் பின்னால் மருந்துக் கடை. பாதிக் கதவை இறக்கிவிட்டிருந்தார் கடைக்காரர். தெருவிளக்கு எரியவில்லையோ என்று எண்ணாதே. நன்றாகவே எரிந்தது, பதாகையின் முதுகுப்புறத்திலே! ஒளி படத்தின் முதுகிலே. இருள் அம்மையாரின் காலடியிலே. அந்தப் படத்திலே பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தவன் யார் தெரியுமா? நான்தான்! மறுநாள் எழுச்சியுரை ஆற்ற வருகை தரும் நான்தான்!

மருந்தை வாங்கிக்கொண்டு திரும்பிய அம்மையார், படத்தைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். "அட, இது நீங்கதானுங்களா?" என்று கேட்டார். கோபத்தோடு அல்ல, வியப்போடு. கோபித்திருந்தால் மறந்திருப்பேன். அந்த வியப்பு என்னை உறங்க விடவில்லை.

எண்ணிப் பார்! பெயர்ப் பலகைக்காக இந்த நாட்டிலே நடந்த போராட்டங்கள் எத்தனை! 1953 ஜூலை 15-ஆம் நாள், திருச்சி மாவட்டத்துக் கல்லக்குடி இரயில் நிலையத்தின் பலகையிலே, ஊரின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஆலை முதலாளியின் பெயரா என்று கேட்டுத் தண்டவாளத்திலே தலைவைத்துப் படுத்தார் கலைஞர். துப்பாக்கி வெடித்தது, உயிர்கள் பறிபோயின. ஒரு பலகைக்காக! 1957-இல், சென்னை திருவல்லிக்கேணியிலே முரளி கபே முன் பெரியாரின் தொண்டர்கள் அணியணியாகச் சென்று சிறைப்பட்டனர். உணவகப் பலகையிலே ஒரு சாதியின் பெயர் உயர்வின் முத்திரையாக ஏன் தொங்க வேண்டும் என்பதே அவர்கள் கேள்வி. அதுவும் ஒரு பலகைக்காக! 1967-இல் ஆட்சிப் பொறுப்பேற்ற அண்ணா, கோட்டையிலே தலைமைச் செயலகம் என்ற தமிழ்ப் பெயர்ப் பலகையை ஏற்றினார். அதுவும் பலகைதான்!

ஏன் இத்தனை பாடு? பலகை என்பது மரமும் வண்ணமும் மட்டுமல்ல. இந்த ஊர் யாருடையது, இந்தத் தெரு யாரை வரவேற்கிறது என்பதைப் பலகை சொல்கிறது. எழுத்தறிந்த ஏழை, எவரையும் கெஞ்சாமல் தன் வழியைத் தானே கண்டுகொள்ள உதவும் முதற்கருவி அது. கல்லூரியைப் பாதியிலே விட்டவன் நான். எனக்கு எழுத்துக் கூட்டக் கற்பித்த முதற்புத்தகம் கடைவீதிப் பலகைகள்தாம். அப்படிப்பட்ட பலகையை, போராடிப் பெற்ற பலகையை, இன்று மறைத்து நிற்பது யார்? பகைவரா? நம் பதாகை! நம் சிரிப்பு!

மறைப்பதோடு நின்றதா? 2019 செப்டம்பர் 12-ஆம் நாள், சென்னைப் பள்ளிக்கரணையிலே, அரசியல் பிரமுகர் ஒருவர் இல்லத் திருமணத்துக்கு வைத்த பதாகை சரிந்தது. வண்டியிலே சென்ற இளம்பெண் நிலைகுலைந்து வீழ்ந்தாள். பின்னால் வந்த தண்ணீர் லாரி ஏறிற்று. பொறியியல் படித்த பெண்; பெற்றோரின் கனவு. அது வேறு கட்சிக்காரர் வீட்டுப் பதாகைதானே என்று கணக்குப் பார்ப்பாயா? சரிந்து விழும் பதாகைக்குக் கட்சி தெரியாது, தோழனே!

பழம்பெருமை பேசுவதிலே நமக்கு இணை யார்? பேசுவோம், ஆனால் பாடமும் கற்போம். மதுரைக் காஞ்சியைப் புரட்டிப் பார். பகலிலே நாளங்காடி, இரவிலே அல்லங்காடி. இன்ன கடை இது என்று தொலைவிலேயே அறிவிக்கக் கொடிகள். சிலப்பதிகாரத்துக் கடலாடு காதையைப் புரட்டிப் பார். பூம்புகார்க் கடற்கரையிலே, சாந்து விற்போர்க்கு ஒரு விளக்கு, மலர் விற்போர்க்கு ஒரு விளக்கு, அப்பம் விற்போர்க்கு ஒரு விளக்கு, மீன் விற்போர்க்கு ஒரு விளக்கு, கலங்களைக் கரைக்கு அழைக்க ஒரு விளக்கு என்று அடுக்கிக் காட்டுகிறார் இளங்கோ. சிறு வணிகரின் விளக்கையும் வரிசையிலே வைத்து எண்ணிய நாடு இது! இன்று, தள்ளுவண்டியிலே கடலை விற்பவர், யாரோ ஒருவர் கடை வெளிச்சத்தின் ஓரத்தை இரந்து நிற்கிறாரே, அது நியாயமா?

"சரி, செய்ய வேண்டியது என்ன?" என்று கூட்டத்திலே ஒரு வணிகர் எழுந்து கேட்டார். சொன்னேன். உனக்கும் சொல்கிறேன்.

முதலாவது, பலகை. தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டம் 1947-ஆம் ஆண்டினது. அதன் விதிகளின்படி பலகையிலே தமிழே முதன்மை; ஆங்கிலமும் பிறமொழியும் இருந்தால் 5, 3, 2 என்ற அளவிலே இடம். சட்டம் இருக்கிறது, சட்டத்தைவிடப் பெரிது, பயன். நாற்பதடி அகலத் தெருவின் எதிர்ப்புறத்திலிருந்து படிக்க, எழுத்து நான்கு அங்குலமாவது இருக்கட்டும்; பத்தடித் தொலைவுக்கு ஓர் அங்குலம் என்பது பலகைத் தொழிலின் பொதுக் கணக்கு. சுழியும் வளைவும் மிகுந்த நம் எழுத்துக்கு இன்னும் சற்றுத் தாராளம் காட்டலாம். முதலாளியின் பெயர் சிறிதாகட்டும். மருந்துக் கடை, விதைக் கடை, துணிக் கடை என்னும் தொழிலின் பெயர் பெரிதாகட்டும். ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்திலே எழுதிவிட்டுத் தமிழ் வளர்த்தேன் என்று மார் தட்டாதீர்கள். சுவரை ஒட்டி ஒரு கடைக்கு ஒரு பலகை போதும். தெருவுக்குள் தலை நீட்டி அடுத்த கடையை மறைப்பது வணிகமல்ல, வம்பு.

"செலவு?" என்றார் அவர்.

"ஆண்டுக்கொரு முறை கிழிந்து தொங்கும் நெகிழித் தாளுக்கு மட்டும் செலவில்லையா? இந்தப் பக்கத்திலே தூரிகை பிடித்த கைகள் உண்டு. பதாகை வந்து அந்தக் கைகளை முடக்கிற்று. அவர்களை அழைத்து எழுதச் சொல்லுங்கள், பலகையும் நிலைக்கும், ஒரு குடும்பமும் பிழைக்கும்" என்றேன்.

வற்புறுத்தலைவிட ஊக்கம் வலியது. 2006-இல், தமிழ்ப் பெயர் தாங்கும் திரைப்படங்களுக்குக் கேளிக்கை வரி விலக்கு என்று அன்றைய அரசு அறிவித்தது. படங்களின் பெயர்கள் தமிழாயின. பொங்கல் நாளிலே சிறந்த பலகைக்கு ஒரு பரிசு என்று வணிகர் சங்கமே அறிவிக்கலாமே!

இரண்டாவது, விளக்கு. நாடகம் போடுபவன் நான். விளக்கின் குணம் எனக்குச் சற்றுத் தெரியும். மேடையிலே விளக்கு, நடிகன் மீது விழ வேண்டும். பார்ப்போர் கண்ணிலே குத்தினால் நடிகனும் தெரியான், நாடகமும் தெரியாது. தெருவும் அப்படியே! கண் கூசும் வெளிச்சம் வெளிச்சமல்ல. அதற்கு அடுத்த அடியிலேயே குருட்டிருள். விளக்குக்கு மூடி வேண்டும். ஒளி கீழ்நோக்கி, நடப்பவர் காலடியிலே, பள்ளத்தின் விளிம்பிலே, படிக்கட்டிலே விழ வேண்டும். பலகைக்கு மேலே சிறு விளக்கு, பலகையை நோக்கித் திரும்பியிருந்தால் போதும். ஓடி ஓடி மின்னும் வண்ணச் சரம் எழுத்தைத் தின்றுவிடும்.

மின்கட்டணம் மிரட்டுமோ? கணக்குப் பார்ப்போம். 40 வாட் குழல் விளக்கு, சோக்கையும் சேர்த்து ஏறக்குறைய 50 வாட் உண்ணும். அதன் இடத்திலே 20 வாட் எல்.இ.டி. விளக்கு. இரவுக்கு 12 மணி நேரம் எரிந்தால், ஆண்டுக்குப் பழையது 219 யூனிட். புதியது 88 யூனிட்டுக்கும் குறைவு. நூறு கம்பத்திலே 13,000 யூனிட்டுக்கு மேல் மிச்சம்! வெள்ளொளி எல்.இ.டி.க்கு வழி திறந்த நீல ஒளியைக் கண்ட அகாசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014-இல் நோபல் பரிசு கிடைத்தது. அவர்கள் அறிவின் பயன், நம் ஊரின் இருண்ட மூலைக்கும் வரட்டும். மிச்சமாகும் பணத்திலே, தள்ளுவண்டிகள் நிற்கும் ஓரத்திலும், பெண்கள் பேருந்துக்குக் காத்திருக்கும் இடத்திலும் இன்னும் இரண்டு விளக்கு ஏற்றலாம்.

மூன்றாவது, நாம். இதைச் சொன்னபோதுதான் கூட்டத்திலே நம் தோழர்கள் சிலர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். இனி என் கூட்டத்துக்குக் கடையை மறைத்து, கம்பத்தை மறைத்து, வளைவை மறைத்துப் பதாகை வைத்தால், அந்தக் கூட்டத்திலே பேசமாட்டேன் என்றேன். "விளம்பரம் இல்லாவிட்டால் கூட்டம் வருமா?" என்று ஒரு தோழர் குமுறினார். அண்ணா பேச வருகிறார் என்று சுவரெழுத்திலே படித்து, மாட்டுவண்டி கட்டிக்கொண்டு வந்தார்களே மக்கள், அவர்கள் படத்தைப் பார்த்தா வந்தார்கள்? பேச்சைக் கேட்க வந்தார்கள்! பேச்சிலே சரக்கு இருந்தால் கூட்டம் வரும்; சரக்கு இல்லாதபோதுதான் சட்டம் அடித்த படம் தேவைப்படும்.

கூட்டம் முடிந்தது. கைதட்டல் குறைவுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மேடையிலிருந்து இறங்கியதும், குமுறிய அதே தோழர், ஏணி ஒன்றைத் தோளிலே சுமந்து வந்தார். ஒன்றும் பேசவில்லை. நானும் ஒரு பக்கம் பிடித்தேன். கயிற்றை அறுத்தோம், என் சிரிப்பு மடங்கிக் கீழே விழுந்தது.

அதன்பின் பார்த்தேன், தோழனே! மருந்துக் கடை என்ற எழுத்துக்கள், விளக்கொளியிலே, தெருவின் மறுகோடியிலிருந்தே தெரிந்தன.

உன் ஊரிலும் ஒரு கடைவீதி இருக்கிறது. அங்கும் ஏணி கிடைக்கும்!