வாக்குக் கேட்கும் வாய்



வேட்பாளர்களை இழித்துப் பேசும் பரப்புரையை ஆராயும் கருத்தரங்கைத் தலைநகரில் நடத்தலாமே என்று சிலர் கேட்டார்கள். கோலசிலாங்கூரில்தான் நடத்த வேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றேன். ஈஜோக், உலு சிலாங்கூர், கோலகுபு பாரு என்று 2007க்கும் 2024க்கும் இடையில் நாடே திரும்பிப் பார்த்த மூன்று இடைத்தேர்தல்கள் இந்த வட சிலாங்கூர் மண்ணில் நடந்திருக்கின்றன. மூன்றிலும் தோட்டப்புறத் தமிழர் வாக்கைத் தேடித் தலைவர்கள் வந்தார்கள். அவர்களோடு வசவும் வந்தது.

மரியாதை என்பது நம் மக்களுக்குச் சோற்றுக்கு அடுத்த விஷயமாக இருந்ததே இல்லை. 1941இல் கிள்ளான் வட்டாரத்தில் ஆர். எச். நாதன் முதலானோர் முன்னின்று நடத்திய வேலைநிறுத்தம் சிலாங்கூர்த் தோட்டங்கள் பலவற்றுக்கும் பரவியது. அந்தத் தொழிலாளர்கள் வைத்த கோரிக்கைகளை எடுத்துப் பாருங்கள். கூலி உயர்வுக்குப் பக்கத்திலேயே இன்னொன்றும் இருக்கிறது: சைக்கிளில் போகும்போது எதிரே துரையோ கிராணியோ வந்தால் இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்க வேண்டும். பெண்களிடம் வரம்பு மீறுவதை நிறுத்த வேண்டும் என்றும் கேட்டார்கள். அரைவயிற்றோடு இருந்தபோதே மானத்தைக் கேட்டவர்கள் அவர்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் கூடும் மேடையில் ஒருவரை ஒருவர் கேவலப்படுத்தி வாக்குக் கேட்பதை நாம் எப்படிப் பொறுத்துக்கொள்கிறோம் என்பதே என் முதல் கேள்வி.

2007 ஏப்ரலில் ஈஜோக் சட்டமன்ற உறுப்பினர் கே. சிவலிங்கம் காலமானதால் அங்கே இடைத்தேர்தல் வந்தது. ம.இ.கா.வின் சார்பில் கே. பார்த்திபன் நின்றார். எதிரே கெஅடிலான் கட்சியின் டான்ஸ்ரீ காலிட் இப்ராகிம். வாக்காளர்களில் நான்கில் ஒருவருக்கு மேல் இந்தியர். ஏப்ரல் 19இல் வேட்புமனு, 28இல் வாக்களிப்பு. பத்தாங் பெர்ஜுந்தையிலும் புக்கிட் பாடோங்கிலும் அந்த நாட்களில் இருந்தவர்களுக்கு நினைவிருக்கும்: திடீரென்று பளபளத்த சாலைகள், இரவெல்லாம் செராமாக் கூட்டங்கள், இரு தரப்பு ஆதரவாளர்களின் கைகலப்பு, போலீஸ் புகார்.

அந்தப் பரப்புரையில் காலிட்டை நோக்கி வீசப்பட்ட ஒரு கேள்வி நியாயமானது என்றே நான் கருதுகிறேன். அவர் கத்ரி நிறுவனத்தின் தலைமை நிர்வாகியாக இருந்தவர். நம் மக்கள் பால் வெட்டிய, குலை அறுத்த தோட்டங்களின் நிர்வாகம் அது. அவருடைய காலத்தில் தொழிலாளருக்குச் சம்பளம் என்ன கிடைத்தது, வீடு என்ன கிடைத்தது என்று கேட்பது அவதூறு ஆகாது. பொது வாழ்வுக்கு வருகிறவர் பதில் சொல்லியாக வேண்டிய கேள்வி அது. ஆனால் அந்தக் கேள்வி கணக்கோடு வரவில்லை, கூச்சலாக வந்தது. கூச்சலுக்குக் கூச்சல்தான் பதிலாகக் கிடைத்தது. பார்த்திபன் 1,850 வாக்கு வேறுபாட்டில் வென்றார். அடுத்த ஆண்டே காலிட் அதே ஈஜோக்கில் வென்று மந்திரி பெசார் ஆனார். தோட்டச் சம்பளக் கேள்வி மட்டும் மேடையிலேயே கிடந்தது. வசவினால் நேரும் முதல் நட்டம் இதுதான். கேட்க வேண்டிய கேள்வியை அது கேட்க விடாமல் செய்துவிடுகிறது.

மூன்று ஆண்டு கழித்து உலு சிலாங்கூர். 2008இல் ம.இ.கா.வின் ஜி. பழனிவேல் 198 வாக்குகளில் தோற்ற தொகுதி அது. 2010 ஏப்ரல் 25 இடைத்தேர்தலில் ம.இ.கா.வின் பி. கமலநாதனும் கெஅடிலானின் சைட் இப்ராகிமும் மோதினார்கள். சைட் முன்னாள் சட்ட அமைச்சர், பெயர்பெற்ற வழக்கறிஞர். நீதித்துறையைப் பற்றியும் விசாரணையற்ற தடுப்புக்காவலைப் பற்றியும் அவரிடம் கேட்க ஆயிரம் இருந்தது. அவர் கையில் மதுப்புட்டி இருப்பதுபோல் ஒட்டுவேலை செய்த படம்தான் சுற்றுக்கு வந்தது. முன்பு குடித்ததுண்டு என்று அவர் ஒளிக்காமல் ஒப்புக்கொண்டார், அப்படியும் விடவில்லை. மறுபக்கம் கமலநாதனின் பட்டம் உண்மையா என்ற கேள்வி எழுந்தது. ஒருவர் தமக்கு இருப்பதாகச் சொல்லும் தகுதியைச் சரிபார்ப்பது வாக்காளரின் உரிமை. பொய்ப்படம் தயாரிப்பது யாருடைய உரிமையும் அல்ல. இரண்டையும் ஒரே தராசில் வைத்து, "அரசியலில் இதெல்லாம் சகஜம்" என்று முடித்துவிடுகிறவர்களோடு எனக்குக் கடும் கருத்து வேறுபாடு உண்டு.

இப்போது, நம்மை மிக நெருக்கமாகத் தொடும் நிகழ்வுக்கு வருகிறேன். 2024 மே 11இல் கோலகுபு பாரு. ஜ.செ.க.வின் பாங் சோக் தாவ், பெரிக்காத்தான் நேஷனலின் கைருல் அஸ்ஹாரி, மேலும் இருவர். பாங் 3,869 வாக்கு வேறுபாட்டில் வென்றார். அந்தப் பெண் வேட்பாளரைக் குறை சொல்ல எதிரணியில் சிலர் எடுத்தது அவர் சீனப்பள்ளியில் படித்தவர் என்பதை. அவர் என்ன செய்தார், என்ன செய்யத் தவறினார் என்ற பேச்சே இல்லை. பிள்ளைப் பருவத்தில் பெற்றோர் எந்தப் பள்ளியில் சேர்த்தார்கள் என்பதே குற்றமாயிற்று.

இது சீனர் விவகாரம் என்று நம்மில் பலர் சும்மா இருந்தோம். இருந்திருக்கக் கூடாது. தாய்மொழிப் பள்ளியில் படித்தது நாட்டுப்பற்றுக்குக் குறை என்றால், தோட்டத் தமிழ்ப்பள்ளியில் தகரக் கூரையின் கீழ் "அ, ஆ" எழுதிப் பழகிய அத்தனை பேரும் அந்தக் குற்றவாளிக் கூண்டில் நிற்க வேண்டியவர்கள். இந்த அவையில் பாதிப் பேர் நிற்க வேண்டும். நானும் நிற்க வேண்டும். ஒரு வேட்பாளரை அவர் பிறப்பாலும் பள்ளியாலும் அடித்தால், அடுத்த தலைமுறையில் நம் பிள்ளை வேட்புமனு கொண்டுபோகும் நாளில் அதே அடி அவன் முதுகில் விழும்.

அதே நாட்களில் இன்னொன்று நடந்தது. மேரி, சுங்கை திங்கி, நைஜல் கார்ட்னர், புக்கிட் தாகார், மின்யாக் என்னும் ஐந்து தோட்டங்களைச் சேர்ந்த 245 குடும்பங்கள் கால் நூற்றாண்டுக்கும் மேலாக வீட்டுக்குப் போராடிக்கொண்டிருந்தன. அவர்களுக்கு 20 ஏக்கரில் வீடு கட்டித்தரும் உடன்படிக்கை, வாக்களிப்புக்குச் சில நாள் முன்னதாகக் கையெழுத்தானது. ஏன் இத்தனை ஆண்டு தாமதம்? ஏன் தேர்தல் நேரத்தில் மட்டும்? கட்டி முடிப்பது எப்போது? நிலப்பட்டா யார் பெயரில்? இவற்றைக் கேட்டு எல்லா வேட்பாளர்களையும் திணறடித்திருக்க வேண்டும். ஒரு பெண் படித்த பள்ளியின் பெயர் இந்தக் கேள்விகளுக்கான நேரத்தில் பெரும்பகுதியை விழுங்கிவிட்டது.

பிறர் குற்றத்தை மட்டும் பேசிவிட்டுப் போனால் இந்த உரை நேர்மையாகாது. நம் மேடைகளில் நாம் பேசுவது என்ன? இந்திய வேட்பாளர் எந்தக் கட்சியில் நின்றாலும் ஆளும் இனத்தின் "மண்டோர்" என்கிறோம். கட்சி மாறினால் "விலைபோனவன்", மாறாவிட்டால் "ஜால்ரா". சாதியைச் சாடையாகச் சொல்கிறோம், குடும்பத்தை இழுக்கிறோம். கட்சியின் உள்தேர்தல்களில் நாற்காலி பறந்த கதைகளை நாமே சிரித்துக்கொண்டு சொல்கிறோம். தோட்டத்தில் முன்பு சூராட் லாயாங் வரும். விடியுமுன் லயத்துக் கதவிடுக்கில் செருகியிருக்கும் மொட்டைக் கடிதம். கீழே அச்சகத்தின் பெயர் இருக்காது. இன்று அதே சரக்கு கோயில் நிர்வாகத்தின் புலனக் குழுவில் குரல்பதிவாக வருகிறது. அனுப்பியவர் முந்தின நாள் திருவிழாவில் நமக்கு விபூதி கொடுத்தவராக இருப்பார்.

பெண்களுக்கு இது இன்னும் கொடுமை. 2009இல் சிலாங்கூர் சட்டமன்ற உறுப்பினர் எலிசபெத் வோங்கின் அந்தரங்கப் படங்கள் பரப்பப்பட்டபோது அவர் பதவி விலகவே முன்வந்தார். புக்கிட் லாஞ்சான் வாக்காளர்கள் அவரை 2013இலும் 2018இலும் மீண்டும் தேர்ந்தெடுத்தார்கள். அந்த வாக்காளர்களுக்கு நான் தலை வணங்குகிறேன். ஆனால் நம் தோட்டப்புறத்தில் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தை, கூட்டுறவை, மகளிர் குழுவைத் திறம்பட நடத்தும் பெண்களிடம் தேர்தலில் நில்லுங்கள் என்று சொல்லிப் பாருங்கள். "வேணாங்க ஐயா, வீட்டு மானம் சந்திக்கு வந்துடும்" என்பார்கள். எத்தனை நல்ல வேட்பாளர்களை வேட்புமனு நாளுக்கு முன்னாலேயே இழந்திருக்கிறோம் என்பதற்கு எந்தப் பதிவேடும் இல்லை.

சட்டம் இல்லையா? இருக்கிறது. 1954ஆம் ஆண்டுத் தேர்தல் குற்றச் சட்டத்தின் 4ஏ பிரிவு, இனங்களுக்கிடையே பகைமூட்டி வாக்குத் தேடுவோருக்கு ஐந்தாண்டு வரை சிறையோ 10,000 ரிங்கிட் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கிறது. 11ஆம் பிரிவு, வேட்பாளரின் சொந்த ஒழுக்கம் பற்றிப் பொய்யான செய்தி பரப்புவதையும், அச்சிட்டவர் பெயரில்லாத துண்டறிக்கையையும் குற்றமாக்குகிறது. நம் நாட்டில் அமலாக்கக் குழுக்கள் பதாகைகளை அகற்றுவதில்தான் அதிகம் கண்ணில் படுகின்றன. பரப்புரையோ ஒன்பது, பதினான்கு நாட்களில் முடிந்துவிடுகிறது. பொய் ஓர் இரவில் ஊரைச் சுற்றிவிடும். தேர்தல் மனுவோ, முடிவு வெளியான பிறகுதான் நீதிமன்றத்துக்குப் போகும்.

ஆனாலும் சட்டத்தைக் கையில் எடுத்தால் பலன் உண்டு. பிரிட்டனில் 2010 மே மாதம் 103 வாக்குகளில் வென்ற ஃபில் வூலஸ் தம் எதிர் வேட்பாளரின் நடத்தை பற்றிப் பொய் பரப்பினார் என்று தேர்தல் நீதிமன்றம் கண்டு, அதே ஆண்டு நவம்பரில் அவர் வெற்றியையே செல்லாததாக்கியது. தமிழ்நாட்டில் 2021இல் முதலமைச்சர் பழனிசாமியின் தாயாரைச் சேர்த்துப் பேசியதற்காக ஆ. ராசாவைத் தேர்தல் ஆணையம் 48 மணி நேரம் பரப்புரை செய்யவிடாமல் நிறுத்தியது. களம் சூடாக இருக்கும்போதே கை வைத்தது அங்கே முக்கியம். இந்தியாவின் நடத்தை விதிகளுக்கு வித்து, 1960இல் கேரளத் தேர்தலுக்காகக் கட்சிகள் கூடி ஒப்புக்கொண்ட ஒரு சிறு பட்டியல். ஒரு மாநிலத்தில், சட்டத்துக்கு வெளியே, கட்சிகளின் சம்மதத்தால் தொடங்கியது.

கோலசிலாங்கூரும் உலு சிலாங்கூரும் சபாக் பெர்ணமும் அப்படித் தொடங்க முடியாதா? ஆய்வாளர்களிடம் நான் கேட்பது இரண்டு. மலாய், ஆங்கிலப் பத்திரிகைகளை வைத்து மட்டும் எழுதாதீர்கள். தமிழ் செராமாக்களில் பேசப்பட்டதையும் தமிழ்ப் புலனக் குழுக்களில் ஓடியதையும் தேதி, இடத்தோடு திரட்டுங்கள். இழிவையும் விமரிசனத்தையும் பிரிக்கும் கோட்டை, இந்த மூன்று இடைத்தேர்தல்களின் எடுத்துக்காட்டுகளை வைத்தே வரைந்து கொடுங்கள். நாளை மாலை நிறைவு அமர்வுக்கு இந்த வட்டாரத்தின் எல்லாக் கட்சித் தொகுதித் தலைவர்களும் அழைக்கப்பட்டிருக்கிறார்கள். நீங்கள் வரையும் பட்டியல் அவர்கள் முன் வைக்கப்படும், யார் கையெழுத்திட்டார், யார் மறுத்தார் என்பது அவையின் நடவடிக்கைக் குறிப்பில் பெயரோடு பதியப்படும்.

ஈஜோக் பரப்புரையைப் பற்றிய முதல் கட்டுரையோடு அமர்வைத் தொடங்கிவைக்கிறேன். கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.