கானில் போகும் செல்வம்



வீட்டுத்தோட்டம் குறித்துப் பேசுமாறு ஒரு விவசாயப் போதனாசிரியரை அழைத்தால், அவர் விதையைப் பற்றியும் பாத்தியைப் பற்றியும் பேசுவார் என்றே நீங்கள் எதிர்பார்ப்பீர்கள். நான் இன்று நம் லயங்களின் பின்புறத்தே ஓடும் கானிலிருந்து தொடங்க விரும்புகிறேன். சமையலறையிலிருந்து ஒரு நாளில் வெளிவருவன எவை என்று எண்ணிப் பாருங்கள்: போஞ்சித் தோல், கோவாவின் புற இலை, தேநீர் வடித்த சக்கை, முட்டைக்கோது, அடுப்புச் சாம்பல், பாத்திரம் கழுவிய நீர். இவற்றிற் பெரும்பகுதி கானுக்கே போகின்றது. அடுத்த மழையில் பாத்தியின் மேல்மண்ணும் அவற்றோடு சேர்ந்து போகின்றது. பின்பு அதே வீட்டார் கடைக்குச் சென்று பசளை வாங்குகின்றனர்.

கானில் போவது எங்கே சேர்கின்றது? நானுஓயாவின் நீர் கொத்மலை ஓயாவிற் கலந்து மகாவலியை அடைகின்றது. காசல்ரீ, மவுசாக்கலை நீர்த்தேக்கங்களின் நீர் களனி கங்கைக்குச் செல்கின்றது. கொழும்பு மாநகரத்தார் குடிப்பது அக்கங்கையின் நீரையே. ஆயினும் அவ்வளவு தொலைவு போவானேன்? நம் கானுக்குக் கீழே அடுத்த லயத்தின் பீலி இருக்கின்றது.

மற்றோர் அபாயமும் உண்டு. குப்பையால் அடைபட்ட கானில் நீர் ஓடாது. அது கரையை மீறிச் சரிவுக்குள் இறங்கும். நீர் ஊறிய சரிவு என்ன செய்யும் என்பதை மலையகத்தாருக்கு நான் சொல்லவேண்டியதில்லை. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுள் மறைந்ததை நாம் மறக்கவில்லை. எல்லா மண்சரிவுக்கும் குப்பையே காரணம் என்று நான் கூறவில்லை. கானைத் திறந்து வைத்திருப்பது நம் கையில் உள்ள காரியம் என்றே கூறுகிறேன். இதன் பொருட்டே, செங்குத்தான சரிவில் குப்பைக்குழி வெட்டவேண்டாம் என்றும் சொல்வேன். குழியில் மழைநீர் தேங்கி மண்ணுள் இறங்கும். நம் பகுதிக்குக் குழியைவிடக் குவியலே ஏற்றது.

கூட்டெரு என்றதும் முகஞ்சுளிப்போர் சிலர் இருக்கின்றனர். அதற்குக் காரணமும் உண்டு. 2021ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டது. நவம்பரில் அத்தடை நீக்கப்பட்டது. இடையில் மரக்கறிச் செய்கையாளரும் தேயிலைச் செய்கையாளரும் பட்ட இன்னல் பெரிது. சேதனப் பசளையே பயனற்றது என்று அதனால் முடிவுசெய்வது சரியன்று. யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு நைதரசன் உண்டு. நல்ல கூட்டெருவில் ஒன்றிரண்டு பங்கே உண்டு. ஏக்கர்க்கணக்கான நிலத்துக்கு ஒரே பருவத்தில் அதைத் தேடிக்கொள்ள இயலாது. குப்பை ஆணைக்குக் கட்டுப்பட்டு மக்குவதில்லை. ஆனால் லயத்துப் பின்புறத்து நாலு பாத்திக்கும், ஏழு பேர்ச் காணியில் தனிவீடு பெற்றவரின் தோட்டத்துக்கும் அது போதும். அங்கே அது உணவு மாத்திரமன்று. மண்ணைப் பொலபொலப்பாக்கி, நீரைப் பிடித்துவைத்து, மழையில் கரையாமற் காப்பதும் அதுவே. மண்கரைதலைத் தடுக்க நம் நாட்டில் 1951ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றினர். உங்கள் பாத்திக்குக் காவல் நீங்களே.

(முப்பதுகளில் இலங்கைத் தேயிலைத் தோட்டங்கள் சிலவும் கூட்டெரு செய்தன. இந்தூரில் ஆல்பர்ட் ஹோவர்ட் என்னும் ஆங்கிலேயர் வகுத்த முறை அது. குப்பையை மதிக்க அவர் கற்றது ஆசிய உழவரிடமே என்பதையும் சொல்லிவைக்கிறேன்.)

இனிச் செய்முறை. வீட்டிலிருந்து சற்று விலகிய சமதரையில், நான்கு அடி அகலத்துக்குக் கவ்வாத்துக் குச்சிகளைப் பரப்புக. காற்று அடியிலிருந்து புகுதற்கு அது வழி. அதன்மேல் ஒரு சாண் காய்ந்த சருகும் புல்லும். அதன்மேல் அரைச்சாண் பச்சை இலையும் சமையற் கழிவும். பின் கரைத்த மாட்டுச் சாணம் சிறிது, ஒரு பிடி மண். முள்முருங்கைத் தழை கிடைத்தால் மிக நன்று. அது விரைவில் மக்கும். இவ்வாறே அடுக்கடுக்காக மூன்று, நான்கு அடி உயர்த்தி, மானாப்புல்லால் கூரைபோல் மூடுக. மூடாவிட்டால் நம் மழை சத்தையெல்லாம் கழுவிக்கொண்டு போய்விடும்.

குளிர்ப் பிரதேசத்தில் ஒரு குடும்பத்தின் குப்பை மாத்திரம் போதாது என்பதைக் கவனிக்க. சிறு குவியல் சூடேறாது. சூடேறாத குவியலில் களைவிதையும் நோய்க்கிருமியும் சாகா. ஆகையால் ஒரு லயத்தில் மூன்று நான்கு வீட்டார் சேர்ந்து ஒரே குவியல் இடுவதே அறிவுடைமை. பங்கிடுவதில் பிணக்கு வரும் என்கிறீர்களா? வாளியால் அளந்து பங்கிடுங்கள். குவியலின் நடுவே ஒரு கம்பைச் செருகிச் சிறிது நேரங்கழித்து இழுத்துத் தொட்டுப் பார்த்தால் சூடு தெரியும். மூன்று கிழமைக்கு ஒருமுறை கிளறிவிடுக. கையில் எடுத்துப் பிழிந்தால் உருண்டையாக நிற்கவேண்டும், நீர் சொட்டக்கூடாது. தாழ்நாட்டில் மூன்று மாதத்தில் மக்குவது இங்கே நான்கு ஐந்து மாதம் எடுக்கும். மீன்கழிவு, மீந்த சோறு ஆகியவற்றைக் குவியலின் நடுவே புதைக்காவிடில் எலியும் நாயும் வந்து சேரும். காட்டுப்பன்றி வரும் இடங்களில் வேலியும் வேண்டும்.

கோவா, நோக்கோல் ஆகியவற்றின் வேர் கழலைபோல் வீங்கியிருந்தால் அச்செடியைக் குவியலில் ஒருபோதும் இடாதீர்கள். அந்நோயின் வித்துகள் மண்ணிற் பல்லாண்டு உயிரோடிருக்கும். எருவோடு எல்லாப் பாத்திக்கும் பரவும். வேரோடு பிடுங்கி, உலர்த்தி, அடுப்பில் எரித்துவிடுக.

சாம்பலைப் பற்றி ஓர் எச்சரிக்கை. தேயிலை புளிப்பு மண்ணை விரும்பும் பயிர். சாம்பல் அப்புளிப்பை முறிக்கும். முன்பு குச்சிகளை எரித்த இடத்தில் தேயிலைக் கன்று ஏங்கி நிற்பதைக் கங்காணிமார் கண்டிருப்பர். எனவே சாம்பலைத் தேயிலைத் தூரில் கொட்டாது, கோவாப் பாத்தியிலும் போஞ்சிப் பாத்தியிலும் மெல்லத் தூவுக. உருளைக்கிழங்குக்கு வேண்டாம், தோலிற் சொறி விழும். பொலித்தீன் எரிந்த சாம்பல் எந்தப் பாத்திக்கும் ஆகாது. பொலித்தீனை அடுப்பில் இடுவதே தவறு. அப்புகையை முதலிற் சுவாசிப்பவர் அடுப்படியில் நிற்கும் தாயும் அவர் இடுப்பிலுள்ள குழந்தையுமே. திறந்த வெளியில் குப்பையும் பிளாஸ்டிக்கும் எரிப்பதை 2017ஆம் ஆண்டு விதிகளும் தடுக்கின்றன. அவற்றைத் தனியே சாக்கில் சேர்த்து வைத்து, சேகரிப்போரிடம் கொடுக்க.

பாத்திரம் கழுவிய நீரைச் சௌசௌக் கொடிக்கும் மரத்தக்காளிக்கும் பாய்ச்சலாம். பச்சையாக உண்ணும் கீரைக்கு ஆகாது. மருந்து தெளித்த கருவியைப் பீலியடியில் கழுவுவோரைக் கண்டால், உறவினரானாலும் தடுத்து நிறுத்துங்கள். மருந்துப் போத்தலில் குடிநீரோ மண்ணெண்ணெயோ வைப்பது அதனினும் கொடிது.

பாத்திகளைச் சரிவுக்குக் குறுக்கே அமைத்து, ஒவ்வொன்றின் கீழ்விளிம்பிலும் மானாப்புல்லையோ வெட்டிவேரையோ நெருக்கமாக நடுக. வெட்டிய புல் குவியலுக்கு மூடாக்காகும். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு முன் புல் வேரூன்றியிருக்க வேண்டுமாதலால் ஆடியிலேயே நடுவது நன்று. குவியலுக்கு இடந்தேர்வதில் ஐயமுள்ளோர் தங்கள் கமநல சேவை நிலையத்தில் போதனாசிரியரைக் கண்டு பேசலாம். லயத்தின் மேற்புறத்துச் சரிவில் வெடிப்போ, புதிய ஊற்றோ காணப்பட்டால் குவியலைப் பற்றிக் கேட்குமுன் அதைக் கிராம உத்தியோகத்தருக்கு அறிவியுங்கள்.