மலைப் புல்வெளியின் வளையன்

நீலகிரித் தேயிலைத் தோட்டப் பள்ளியொன்றில் பாடம் சொல்லும் நாம், சென்ற விடுமுறையில் சிங்கப்பூரில் தமக்கை வீட்டிற்குச் சென்றிருந்தோம். கிளமெண்டியில் அவர்கள் குடியிருக்கும் புளோக்கின் பின்புறம் ஒரு புல்தரை உண்டு. ஒருநாள் காலை, அங்கே தாழத் துள்ளித் துள்ளிப் பறந்த சிறு பழுப்புப் பூச்சியைக் காட்டி, "மாமா, இது அந்துப்பூச்சியா?" என்று கேட்டான் தமக்கை மகன்.

அன்று, அது வண்ணத்துப்பூச்சியே. ஐந்து வளையன் என்பார்கள். இறக்கையின் அடிப்புறத்தில் மஞ்சள் விளிம்பிட்ட கரும்பொட்டுகள் கண்களைப் போல் இருக்கும். பறவை அந்தப் பொய்க் கண்ணைக் கொத்தும். இறக்கை கிழியும், உயிர் தப்பும். இதன் புழுவுக்கு உணவு புல்.

இதன் உறவினர் ஒருவர் நம் மலையில் இருக்கிறார். நீலகிரி நான்கு வளையன், அறிவியல் பெயர் இப்திமா செனு. தென்னிந்திய மலைகளுக்கே உரியது. பிரெஞ்சு அறிஞர் கெரேன் மென்வில் 1843இல் இதற்குப் பெயரிட்டார். அதே 1843இல்தான் நீலகிரிக்குத் தைல மரமும் வந்தது என்பார்கள். பின்னர் சீகை மரமும் தேயிலையும் பரவின. புல்வெளியை வெற்றுநிலம் என்று எண்ணிவிட்டார்கள். உண்மையில் அது மழைநீரைப் பிடித்துவைத்து, ஓடைகளுக்குச் சிறுகச் சிறுகக் கொடுக்கும் நிலம்.

பேசிக்கொண்டிருக்கையில் புல் வெட்டும் இயந்திரத்தின் ஓசை கேட்டது. "புழு எங்கே போகும், மாமா?" என்றான் பையன்.

கிளமெண்டிப் பூச்சிக்குப் பக்கத்திலேயே வேறு புல்தரை உண்டு. ரயில் போக்குவரத்து 2011இல் நின்றபின் பசுமைப் பாதையான பழைய இருப்புப்பாதையும் உண்டு. மலைப்பூச்சிக்கு அந்த வசதி இல்லை. குளிர்ந்த உச்சிப் புல்வெளி அதற்கு ஒரு தீவு. கீழே இறங்கினால் வெப்பம். மேலே ஏற மலை இல்லை.

நேயர்களே, மரம் நடுவது எங்கும் நன்மை என்றே நாமும் பாடம் சொல்லி வந்தோம். பள்ளிக்கு மேலுள்ள புற்சரிவில் மாணவர்களைக் கொண்டு சீகைக் கன்றுகளும் நட்டோம். நமக்குச் சோறிடும் தேயிலையும் ஒருகாலத்துப் புல்வெளியில் நிற்பதுதான். அதை இனி மாற்ற நம்மால் ஆகாது. எஞ்சிய சரிவைக் காக்க ஆகும். ஆகவே இவ்வாண்டு அங்கே கன்று நடவில்லை. முன்பு நட்ட சீகையைப் பிடுங்கி, புல்லைப் புல்லாகவே விட்டிருக்கிறோம். வளையன் வருகிறதா என்று மாணவர்கள் நாள்தோறும் பார்த்துக் குறித்து வருகிறார்கள்.