கைதட்டல் ஒரு ரூம்ல, முடிவு வேற ரூம்ல

ஸ்கூல்லயோ காலேஜ்லயோ எம்.யு.என். போனவங்க யாராவது இதைக் கேட்டுட்டு இருந்தா, உங்களுக்கு இந்தக் காட்சி பழக்கமா இருக்கும். கோட், டை, முன்னாடி மேஜையில நாட்டோட பேர் எழுதின அட்டை. ஒரு பொண்ணு ஜப்பான், பக்கத்துல ஒரு பையன் கென்யா. மாடல் யுனைடெட் நேஷன்ஸ், அதாவது மாணவர்கள் நடத்துற மாதிரி ஐ.நா. சபை. ரெண்டு மூணு நாள் நாடுகளா மாறி விவாதம் பண்ணி, கடைசியில ஒரு தீர்மானம் எழுதி ஓட்டுப் போடுவாங்க.

சில வருஷமா ஒன்பதாவதுலேருந்து பிளஸ் டூ வரைக்கும் உள்ள பசங்களுக்கு நான் இதைச் சொல்லிக்கொடுத்துட்டு வர்றேன். இன்னைக்கு ஒரே ஒரு கேள்வி: இந்த விளையாட்டுல நாம யாருக்குப் பரிசு கொடுக்குறோம்?

பெரும்பாலும் 'பெஸ்ட் டெலிகேட்' யாருக்குப் போகுது? நல்லா இங்கிலீஷ் பேசி, எதிராளியை மடக்கி, கைதட்டல் வாங்குறவங்களுக்கு. அதுல எனக்கு ஒரு சங்கடம் இருக்கு. ஏன்னு சொல்றதுக்கு 1962-க்குப் போகணும்.

அந்த வருஷம் அக்டோபர்ல, சோவியத் யூனியன் கியூபாவில அணு ஏவுகணைத் தளம் கட்டுறதை அமெரிக்க உளவு விமானம் படம் பிடிச்சிடுச்சு. 16-ஆம் தேதி அந்தப் படங்கள் கென்னடி கைக்கு வருது. 28-ஆம் தேதி வரைக்கும் பதின்மூணு நாள், உலகம் அணு ஆயுதப் போரோட விளிம்புல நின்னுச்சு.

இதைத்தான் என் வகுப்புல விளையாட வைக்கிறேன். வாஷிங்டன், மாஸ்கோ, ஹவானான்னு மூணு அணி, மூணு ரூம். ஃபோன் கிடையாது. எழுதித்தான் அனுப்பணும், ஒவ்வொரு கடிதமும் இருபது நிமிஷம் கழிச்சுத்தான் போய்ச் சேரும். பசங்க கடுப்பாவாங்க. ஆனா அப்போ நிலைமை அப்படித்தான். வாஷிங்டன்ல இருந்த சோவியத் தூதர் டோப்ரினின் மாஸ்கோவுக்குத் தந்தி அனுப்பணும்னா, தந்தி கம்பெனி ஆள் சைக்கிள்ல வந்து வாங்கிட்டுப் போவாராம். அவரே பின்னாடி எழுதியிருக்கார்.

விளையாட்டு எப்படிப் போகும்னு எனக்கு முன்னாடியே தெரியும். முதல் அரை மணி நேரத்துல வாஷிங்டன் ஒரு கெடு விதிக்கும். மாஸ்கோ அதைவிடக் காரமா பதில் எழுதும். ரெண்டு ரூம்லயும் ஒரே உற்சாகம். அடுத்த ரவுண்டுல யாராவது ஒருத்தர் குண்டு போட்டுடுவாங்க. விசில் ஊதி நிறுத்திட்டு நான் கேட்பேன்: "நீங்க சொன்னதை அவங்க ஒத்துக்கிட்டாங்கன்னே வைங்க. தன் ஊருக்குப் போய் என்ன சொல்வாங்க?"

அந்தக் கேள்விக்கு அப்புறம்தான் நிஜமான பாடமே ஆரம்பிக்குது. ராஜதந்திரம்னா எதிராளியோட வாயை அடைக்கிறது இல்லை. அவர் பின்வாங்க ஒரு வழி, வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்க ஒரு வாக்கியம், ரெண்டையும் நாமளே தயார் பண்ணிக் கொடுக்குறது.

சொற்கள் எவ்வளவு முக்கியம்னு பாருங்க. கென்னடி கியூபாவைச் சுத்திக் கப்பல்களை நிறுத்தினார். அது முற்றுகைதான். ஆனா சர்வதேசச் சட்டப்படி முற்றுகைன்னா போர்ச் செயல். அதனால அவர் அதுக்கு வெச்ச பேர் 'க்வாரன்டைன்'. ஆமா, கொரோனா சமயத்துல நாம கேட்ட அதே வார்த்தை.

இப்போ அந்த ரெண்டு ரூமுக்கு வர்றேன். அக்டோபர் 25, ஐ.நா. பாதுகாப்புச் சபை. ஏவுகணை வெச்சிருக்கீங்களா இல்லையா, மொழிபெயர்ப்புக்குக் காத்திருக்காம பதில் சொல்லுங்கன்னு அமெரிக்கத் தூதர் ஸ்டீவன்சன் சோவியத் தூதர் ஸோரினைக் கேட்கிறார். டிவியில போன காட்சி. எம்.யு.என். பசங்களுக்கு ரொம்பப் பிடிச்ச வீடியோ இது. நிறைய பேர் அந்த ஸ்டைலை அப்படியே பண்ணிப் பார்ப்பாங்க.

ஆனா பிரச்சினை அங்கே முடியலை. 27-ஆம் தேதி கியூபா மேல ஒரு அமெரிக்க விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டுச்சு. அன்னைக்கு ராத்திரி, கேமரா இல்லாத ஒரு ரூம்ல, கென்னடியோட தம்பி ராபர்ட் கென்னடியும் டோப்ரினினும் சந்திச்சாங்க. கியூபா மேல படையெடுக்க மாட்டோம்கிறது வெளிப்படையான வாக்குறுதி. துருக்கியில இருக்கிற அமெரிக்க ஏவுகணைகளைச் சில மாசத்துல எடுத்துடுவோம், ஆனா அதை வெளியே சொல்லக் கூடாதுங்கிறது ரகசியம். மறுநாள் மாஸ்கோ ரேடியோவில அறிவிப்பு வந்துச்சு: ஏவுகணைகளைத் திருப்பி எடுத்துக்கிறோம். துருக்கி ஏவுகணைகள் 1963 ஏப்ரலுக்குள்ள போயிடுச்சு.

இதுல ஒரு வேடிக்கை. துருக்கி ஏவுகணைகளைப் பேரத்துல வைக்கலாம்னு மூடின கதவுக்குள்ள முன்னாடியே சொன்னவர்கள்ல அதே ஸ்டீவன்சனும் ஒருத்தர். அப்போ அவரைக் கோழைன்னு நினைச்சாங்க. வீடியோவில பார்க்கிற ஸ்டீவன்சனை எல்லாருக்கும் தெரியும். இந்த ஸ்டீவன்சனை நான் சொன்னாத்தான் பசங்களுக்குத் தெரியுது.

அதனால என் வகுப்புல பரிசு முறையை மாத்தி வெச்சிருக்கேன். கடைசியில எல்லாரும் ஒரு சீட்டுல எழுதணும்: "எதிரணியில யார் எனக்கு ஒரு வழி விட்டாங்க?" அதிகம் பேர் யார் பேரை எழுதுறாங்களோ அவங்களுக்குத்தான் பரிசு. இன்னொண்ணு, தமிழ்லயும் பேசலாம். ஐ.நா.விலேயே ஆறு அலுவல் மொழி இருக்கு, காதுல மொழிபெயர்ப்பு ஓடுது. இங்கிலீஷ் சரளமா வராததால பின் பெஞ்சுல அமைதியா இருந்த ஒரு பிளஸ் ஒன் பையன், தமிழ்ல எழுதலாம்னு சொன்னதும் எழுதின முதல் கடிதம் இது: "உங்க கப்பல் திரும்பிப் போனா, அதைத் தோல்வின்னு நாங்க பேப்பர்ல போட மாட்டோம்." அந்த ரவுண்டுல குண்டு விழலை.

ஆனா இதோட முடிச்சா நான் பாதிதான் சொன்ன மாதிரி ஆகும். மூணாவது ரூம் ஒண்ணு இருக்கே, ஹவானா. வாஷிங்டனும் மாஸ்கோவும் கைகுலுக்கின சந்தோஷத்துல இருக்கும்போது அந்த ரூம்ல இருந்து கோபமா ஒரு கடிதம் வரும்: "எங்க மண்ணைப் பத்தின முடிவு, எங்களை ஏன் யாரும் கேட்கலை?" 1962-லயும் இதேதான். காஸ்ட்ரோவைக் கலந்துக்காமலே ஒப்பந்தம் முடிஞ்சுச்சு. ஐ.நா. ஆட்கள் வந்து சோதனை போடுறதுக்கு அவர் கடைசி வரைக்கும் ஒத்துக்கலை.

பசங்க என்னைத் திரும்பிப் பார்ப்பாங்க: "சார், அப்போ இது நல்ல ஒப்பந்தமா, இல்லையா?" நான் பதில் சொல்றதில்லை. ரூம் மாத்தி உட்கார வெச்சு மறுபடி ஆரம்பிக்கச் சொல்வேன். இந்தத் தடவை வாஷிங்டன்ல இருந்தவங்க ஹவானா.

உங்க ஃப்ரெண்ட்ஸோட ஒரு சாயங்காலம் இதை விளையாடிப் பாருங்க. மூணு ரூம், கொஞ்சம் பேப்பர் போதும். ஹவானாவா உட்கார்ந்தவங்க என்ன எழுதினாங்கன்னு எனக்குச் சொல்லுங்க. அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.