இரும்பறுக்கும் பட்டை ரம்பம்



மழுங்கிய கத்தி மரத்தைக் காயப்படுத்தும் என்பது பால்வெட்டிய நம் தாய்மார்களுக்குத் தெரியும். அவர்களுடைய பிள்ளைகளில் சிலர் இன்று பட்டறைகளில் பட்டை ரம்பத்தின் முன் நிற்கிறார்கள்.

சென்ற தீபாவளிக்கு என் பழைய மாணவன் ஒருவன் வந்தான். ஒரே வாரத்தில் மூன்று பிளேடுகள் முறிந்தனவாம். இன்னொன்று முறிந்தால் வேலை போய்விடும் என்று கண் கலங்கினான். பட்டறையில் நெடுநாள் உழைத்த பெரியவர் ஒருவரிடம் அவனை அழைத்துச் சென்றேன். அவர் அவனை மூன்று கேள்விகள் கேட்டார்.

"தம்பி, என்ன அறுத்தாய்?"

"மூன்று மில்லிமீட்டர் தகடுங்க ஐயா. அங்குலத்துக்கு 6 பல்."

அங்கேதான் தவறு. அறுபடும் கனத்தில் எப்போதும் 3 பற்களாவது பட வேண்டும். 6 பல் பிளேடில் ஒரு பல்லுக்கும் அடுத்ததற்கும் இடையே 4 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி உண்டு. தகடு அதற்குள் விழும்; பல் உடையும். அந்தத் தகட்டுக்கு மிகச் சிறிய பல் வேண்டும். கனமான இரும்புக்கே பெரிய பல்.

"எப்படி முறுக்கினாய்?"

தளர்ந்தால் வெட்டு கோணலாகும். அளவுக்கு மீறி முறுக்கினால் பிளேடு வெடிக்கும். இயந்திரத்துக்குக் குறித்த அளவே சரி. பிளேடைத் தாங்கும் வழிகாட்டிகளை, இரும்பில் இடிக்காத அளவுக்கு அருகே நகர்த்தி வைக்க வேண்டும்.

"புதுப் பிளேடைப் பழைய வெட்டிலேயே இறக்கினாயா?"

அவன் தலை குனிந்தான். தேய்ந்த பிளேடு போட்ட வெட்டு குறுகலானது. புதியது அதில் சிக்கும். இரும்பைத் திருப்பிப் போட்டுப் புது இடத்தில் தொடங்க வேண்டும். முதலில் பாதி அழுத்தமே போதும். பிறகு சிறுகச் சிறுகக் கூட்டலாம்.

அறுதூளையும் கவனியுங்கள். சுருள் சுருளாக விழுந்தால் நலம். மாவாக உதிர்ந்தால் அழுத்தம் போதாது. நீலம் பாய்ந்து கருகினால் வேகமோ அழுத்தமோ அதிகம். எஃகுக்கு நீர் கலந்த எண்ணெய் ஊற்றுங்கள். வார்ப்பிரும்பை உலர்வாகவே அறுக்கலாம்.

வேலை முடிந்ததும் மின்சாரத்தைத் துண்டித்து, கம்பித் தூரிகையால் தூளை அகற்றி, முறுக்கைத் தளர்த்துங்கள். பிளேடை மாற்றும்போது கையுறை அவசியம். ரம்பம் ஓடும்போது கையுறை கூடாது. அது பல்லில் மாட்டிக் கையையே இழுத்துவிடும்.

பெற்றோர்களே, பட்டறைக்குப் போகும் பிள்ளையிடம் சம்பளத்தை மட்டும் கேட்காதீர்கள். "தெரியாததைக் கேட்டுத் தெரிந்துகொண்டாயா?" என்றும் கேளுங்கள். கேட்கக் கூச்சப்பட்டதால்தான் அவன் மூன்று பிளேடுகளை இழந்தான். பிளேடு போனால் வாங்கலாம். விரல் போனால் வருமா?