இரவில் எடுக்கும் இரத்தம்

(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



இயலும் இசையும் முழங்க வேண்டிய மேடையில் புழுவைப் பற்றிப் பேசுவதா என்று முகம் சுளிக்க வேண்டா. நாம் பிழைக்க வந்து வாழும் இந்த ஜார்க்கண்டிலும், அண்டையிலுள்ள பீகார், ஒடிசாவிலும் யானைக்கால் நோய் இன்னும் நீங்கவில்லை. இரவு 9 மணிக்கு மேல் வந்து, விரலில் ஒரு துளி இரத்தம் கேட்கும் சுகாதார ஊழியரை, "இங்கு நோயாளி எவருமில்லை, பகலில் வாருங்கள்" என்று நம் இல்லங்கள் சில திருப்பி அனுப்புகின்றன. அவர் இரவில் வருவதற்குக் காரணம் உண்டு.

இந்நோயைத் தருவது நூலிழை போன்ற புழு. நிணநீர்க் குழாய்களில் பல ஆண்டுகள் வாழ்ந்து, கண்ணுக்குப் புலப்படாத இளம்புழுக்களை ஈனுகிறது. அவற்றை மனித இரத்தத்தில் 1872-ஆம் ஆண்டு கல்கத்தாவில் கண்டவர் தீமத்தி லூயிஸ் என்னும் மருத்துவர். சீனத்தின் அமாய் துறைமுகத்தில் பணியாற்றிய பாட்ரிக் மான்சன், அவை கொசுவின் உடலில் வளர்வதை 1877-இல் கண்டார். பகலில் எடுத்த இரத்தத்தில் அரிதாயிருந்த இளம்புழுக்கள், இரவில் எடுத்த இரத்தத்தில் திரண்டிருக்கும் விந்தையையும் பின்னர் அவரே வெளிப்படுத்தினார்.

பகலில் அவை நுரையீரலின் இரத்தக் குழாய்களில் தங்குகின்றன. இரவு 10 மணி முதல் 2 மணி வரை தோலருகில் மிகுதியாக உலவுகின்றன. நோயைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசு கடிப்பதும் இரவில்தான். ஆகவே, பகலில் எடுத்த துளியைக் கண்ணாடித் தகட்டில் தடவிப் பார்த்துப் "புழு இல்லை" என்று கூறும் சீட்டு நமக்கு அரணாகாது. இயோசினோபில் அணுக்கள் மிகுந்திருப்பதும் தனிச் சான்றன்று. ஒவ்வாமையாலும் அவை மிகும்.

முதிர்ந்த புழு வெளியிடும் பொருளைப் பகலிலும் பத்தே நிமிடத்தில் காட்டும் சோதனைப் பட்டை இன்று வந்துள்ளது. எனினும் கேரளத்தின் சேர்த்தலைப் பகுதியில் அறியப்பட்ட புருகியா என்னும் வேறினப் புழுவை அது காட்டாது.

இன்னொன்றையும் கருதுங்கள். கால் வீங்கியவரின் இரத்தத்தில் பெரும்பாலும் இளம்புழுக்கள் இரா. நலமுடன் நடமாடுபவர் இரத்தத்திலோ ஆயிரக்கணக்கில் இருக்கலாம். அவரைக் கடித்த கொசுவே அடுத்த வீட்டுக் குழந்தைக்கு நோயைக் கொண்டு செல்கிறது. முற்றிய வீக்கத்தை முழுதும் மாற்றுதல் அரிது; இளம்புழுக்களை அழிக்கவோ டி.இ.சி., அல்பெண்டசோல் மாத்திரைகள் உள்ளன. கருவுற்ற தாய்மார், இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகள், கடும் நோயாளிகள் நீங்கலாக ஏனையோர், அரசு வழங்குங்கால் அவற்றை ஊழியர் முன்னிலையிலேயே உட்கொள்ளல் வேண்டும்.

கொசு மொழி பார்ப்பதில்லை. ஆதலின் இச்செய்தியை நம் இல்லங்களோடு நிறுத்தாமல், இந்தியும் வங்காளமும் ஒடியாவும் பேசும் அண்டை வீட்டாருக்கும் எடுத்துரைப்போமாக.